ஓயாவுக்கு விட்ட வழி

அன்று பெய்தது பெரிய மழையே இல்லை. நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு பிடித்து, பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொல்லும்போது ஓய்ந்துவிட்டது. பாடசாலை விட்டு பஸ்ஸில் வந்த நான் குடையைக்கூட விரிக்கவில்லை. கடைத்தெருவில் இறங்கிப் பார்த்தால், எங்கள் துணிக்கடையின் முன்வாசலால் சேற்றுத் தண்ணீர் வீதிக்கு வழிந்துகொண்டிருந்தது. உள்ளே என் கணவர் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, முழங்காலளவு தண்ணீரில் நின்று, கீழ்த்தட்டுத் துணிக்கட்டுகளை மேலே எறிந்துகொண்டிருந்தார்.

"மழை விட்டிட்டு. தண்ணி இன்னும் ஏறுது," என்றார் என்னைக் கண்டதும். "இது என்ன கதை?"

அவர் சும்மா கேட்டார். எனக்கு அந்தக் கேள்வி மண்டைக்குள் ஏறிக்கொண்டது.

எங்கள் கடைத்தெரு கண்டியிலிருந்து மாத்தளைக்குப் போகும் வீதியில், அக்குறணைக்குச் சற்று இப்பால் இருக்கிறது. ஒரே வரிசையாகக் கடைகள். கடைகளின் முதுகை உரசிக்கொண்டு ஓயா ஓடுகிறது. ஆறு என்று சொல்லச் சிறிது, வாய்க்கால் என்று சொல்லப் பெரிது என்று அந்தச் சிங்களச் சொல்லையே தமிழிலும் வைத்துக்கொண்டோம். மேலே மலைகளில் பிறந்து, எங்களைக் கடந்து, கீழே மகாவலியோடு சேரும். அந்த வருடம் அது எங்கள் கடைக்குள் வந்தது முதல் தடவையல்ல. வந்துபோன ஒவ்வொரு தடவையும் கடைத்தெரு முழுக்க ஒரே பேச்சுத்தான். மழை கூடிவிட்டதாம். காலம் கெட்டுப்போய்விட்டதாம். அல்லாஹ்வின் நாட்டமாம்.

அல்லாஹ்வின் நாட்டத்தை நான் மறுக்கவில்லை. மழை கூடிவிட்டது என்பதைத்தான் மறுத்தேன். நான் அந்தக் கடைத்தெருவிலேயே பிறந்து வளர்ந்தவள். எனக்குத் தெரிந்து இதைவிடப் பெரிய மழைகள் பெய்திருக்கின்றன. நாட்கணக்கில் விடாமல் பெய்து, சுவரெல்லாம் வேர்த்து, உடுப்புக் காயாமல் நாறிய மழைகள். அந்த மழைகளிலெல்லாம் ஓயா உறுமிக்கொண்டு தன் பள்ளத்துக்குள்ளேயே போனது. எங்கள் வாசலை அது எட்டிப் பார்த்ததில்லை.

சிறு வயதில் எங்கள் கடைக்குப் பின்னால் கருங்கல் படிகள் இருந்தன. உம்மா துணி அலசப் போனால், தலை மட்டும் தெரியும் அளவுக்குக் கீழே இறங்கித்தான் தண்ணீரைத் தொடுவார். சற்றுத் தள்ளியிருந்த பாலத்துக்குக் கீழே நாங்கள் பிள்ளைகள் கையைத் தூக்கிக்கொண்டு குதித்தாலும் மேலே முட்டாது. இப்போது அதே பாலத்துக்குக் கீழே தெருநாய் குனிந்து போகிறது. படிகளைக் காணவில்லை. யாரும் அவற்றைக் கழற்றிக்கொண்டு போகவில்லை. அவை இருந்த இடத்திலேயே, மணலுக்குள் இருக்கின்றன.

நான் கண்டியில் ஒரு பெண்கள் பாடசாலையில் புவியியல் படிப்பித்தேன். ஆற்றுக்கு மூன்று வேலை: அரிப்பது, சுமப்பது, படிய வைப்பது. வருடா வருடம் கரும்பலகையில் எழுதிய பாடம். மேலே வேகமாக வரும்போது மண்ணை அரிக்கும், அந்த மண்ணைச் சுமந்துகொண்டு ஓடும், வேகம் குறையும் இடத்தில் கீழே போட்டுவிடும். போட்டுக்கொண்டே இருந்தால் அடி உயரும். அடி உயர்ந்தால் கரைக்குள் தண்ணீர் பிடிக்கும் இடம் குறையும். முன்பு அடங்கிப் போன அதே தண்ணீர் இப்போது அடங்காது, வெளியே வரும். இதை எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அது என் வீட்டுக் கொல்லைப்புறத்தைப் பற்றிய பாடம் என்று அன்று, சேறு ஊறிய பாடசாலைச் சீருடைத் துணியைக் கையில் பிழிந்தபோதுதான் உறைத்தது. துணியிலிருந்து தண்ணீரைவிட மண்தான் அதிகம் வந்தது.

தண்ணீர் வடிந்த பிறகு, கடைக்குள் நின்றதில் ஒரு வாளி அள்ளி மூலையில் வைத்தேன். மறுநாள் காலையில் மேலே தெளிந்த தண்ணீரும் அடியில் கெட்டியான சிவப்பு மண்ணும் இருந்தன. கால்வாசி வாளி மண்.

"இத வெச்சு என்ன செய்யப் போற?" என்றார் கணவர்.

"இது எங்க இருந்து வருதுண்டு பாக்கப் போறன். நீங்களும் வாங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு முச்சக்கர வண்டியைப் பிடித்துக்கொண்டு ஓயாவின் ஓரமாகவே மேலே போனோம். அவர் பெரிய உற்சாகத்தோடு வரவில்லை. கடை கழுவுகிற வேலை பாதியில் நிற்கிறதே என்று முணுமுணுத்துக்கொண்டு வந்தார். கொஞ்சத் தூரம் போனதும் வண்டிக்கு வெளியே தலையை நீட்டிப் பார்க்கத் தொடங்கினார். மலைச்சரிவை நெட்டுக்குத்தாக வெட்டி வீடு கட்டத் தட்டையாக்கியிருந்தார்கள். வெட்டிய மண்ணை அள்ளிக்கொண்டு போகச் செலவாகும் என்று ஓயாப் பக்கமே தள்ளிவிட்டிருந்தார்கள். அது ஒரு இடத்திலல்ல, வளைவுக்கு வளைவு இருந்தது. இன்னும் மேலே, பராமரிப்பில்லாமல் விட்ட தேயிலைச் சரிவில் செடிகளுக்கு நடுவே ஆள் இறங்கி நிற்கக்கூடிய ஆழத்துக்கு மழைநீர் பள்ளம் பறித்திருந்தது. அதற்குப் பக்கத்தில் மலையுச்சி வரைக்கும் மரக்கறிப் பாத்திகள், மேலிருந்து கீழாக இழுத்த கோடுகள் மாதிரி. தூறல் விழுந்தது. எங்கள் கண்முன்னாலேயே அந்தக் கோடுகளால் சாயத்தண்ணீர் நிறத்தில் மண் இறங்கி வந்தது.

வண்டிக்காரர் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு சொன்னார்: "டீச்சர், மலையே கரைஞ்சி வருது."

என் கணவர் வண்டியைத் திருப்பச் சொன்னார். திரும்பி வரும் வழி முழுக்க ஓயாவையே பார்த்துக்கொண்டு வந்தார். கடைத்தெருவை நெருங்கும் வளைவில் வண்டியை நிறுத்தச் சொன்னார். அங்கிருந்து பார்த்தால் இரண்டு கரையும் தெரியும். எங்கள் பக்கம், வளைவின் உள்புறத்தில், மணல் மேடு போட்டிருந்தது. அந்த மேட்டின் மேல் கடைக்காரர்கள் ஆளுக்கொரு பின்னறை இறக்கியிருந்தார்கள். அக்கரையில் தண்ணீர் கரையை முட்டி முட்டி அரித்து, மண் செங்குத்தாக உடைந்திருந்தது. வேர்கள் வெளியே தொங்கின.

"ஓயாவ நாங்க தள்ளிட்டோம், அது அங்கால போய் அடிக்குது," என்றார். அவ்வளவுதான் சொன்னார். அது போதுமாக இருந்தது.

அக்கரையில் சில குடும்பங்கள் இருந்தன. தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்புகளை விட்டு நகரத்து வேலைக்கு இறங்கி வந்தவர்கள். கடனோ உடனோ பட்டுத் துண்டுக் காணி வாங்கி, கல்லடுக்கி வீடு கட்டிக்கொண்டவர்கள். அவர்களில் ஒரு பெண் எங்கள் கடைக்குச் சீருடையும் உள்பாவாடையும் தைத்துக் கொடுத்தார். தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். கணவர் கண்டியில் ஒரு கராஜில் வேலை செய்தார். அந்தப் பெண் பேசினால் ஓயாவின் இரைச்சலைத் தாண்டி இந்தக் கரைக்குக் கேட்கும். அந்த வெள்ளத்துக்கு மறுநாள் காலையில் அவர் அக்கரையில் நின்று கூப்பிட்டது இன்னும் காதில் இருக்கிறது.

"டீச்சரம்மா! எங்க கக்கூஸு போயிருச்சு! செவத்தோட அப்படியே எறங்கிப் போயிருச்சு! அடுத்தது சோறாக்குற குசினிதான் போகும்போல இருக்கு!"

அழுகிற குரலல்ல. சண்டைக்கு வந்த குரல். ஓயாவோடு சண்டையா, எங்களோடு சண்டையா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

அந்த வாரமே கடைக்காரர்கள் கூடினார்கள். கூட்டியவர் என் அண்ணன், நான் நானா என்று கூப்பிடுபவர். எங்கள் கடைக்கு அடுத்தது அவருடைய இரும்புச் சாமான் கடை. வாப்பா கண்மூடி மவுத்தாகும் முன்பே ஒரு கடையை மகனுக்கும், ஒரு கடையைச் சீதனமாக எனக்கும் எழுதிவைத்திருந்தார். நானா கெட்ட மனிதரல்ல. எந்தக் கடைக்குள் தண்ணீர் வந்தாலும் முதலில் ஓடிவந்து சாமான் தூக்குபவர் அவர்தான். ஆனால் ஒன்றைத் தீர்மானித்துவிட்டால் பிறகு யார் சொல்லும் ஏறாது. அந்தக் குணம் எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு இருந்தது.

அந்தக் கூட்டங்களுக்குப் பெண்கள் போவதில்லை. கடை என் பெயரில் இருந்தது, நான் போனேன். என் கணவர் பின்னால் வந்தார். கையில் வாளி. முன்வரிசையில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.

நானா எழுந்து தன் திட்டத்தைச் சொன்னார். கடைகளின் பின்னால், பாலத்திலிருந்து வளைவு வரைக்கும், ஆளுயரத்துக்கு மேல் கொங்கிறீட் சுவர். எல்லோரும் பங்கு போட்டுக் கட்டுவது. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வராது. எல்லோரும் தலையசைத்தார்கள்.

நான் கேட்டேன்: "சுவர் கட்டினா தண்ணி எங்க போகும்?"

"ஓயாக்குள்ள போகும்."

"ஓயாக்குள்ள இடம் இருந்தா ஏன் எங்கட கடைக்கு வருது?"

நானா சிரித்தார். "தங்கச்சி, இது கிளாஸ் ரூம் இல்ல."

"இல்லதான். அதான் வாளி கொண்டந்தன்." என் கணவர் வாளியை மேசைமேல் வைத்தார். மேலே நின்ற தண்ணீரை ஜன்னலால் ஊற்றிவிட்டு வாளியைச் சாய்த்துக் காட்டினேன். மண் அசையாமல் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. "எங்கட கடைக்குள்ள வந்தது தண்ணியில்ல. மலை. இது தான் ஓயாட அடியிலயும் ஈக்கி. வருசா வருசம் ஏறுது. நீங்க சுவரக் கட்டுங்க. அடி ஏற ஏற, சுவரையும் ஏத்திக்கொண்டே ஈக்க வேண்டியதுதான். பேரப்புள்ளகள்ட காலத்துல ஓயா ஒங்கட தலைக்கு மேல ஓடும்."

"அதுக்கு அவங்க பாத்துக்கொள்ளுவாங்க," என்றார் ஒருவர். சிரிப்பு எழுந்தது.

"சரி. அடுத்த மழைக்கு, சுவருல முட்டின தண்ணி எந்தப் பக்கம் திரும்பும்?"

ஒருவர் ஜன்னலால் அக்கரைப் பக்கம் பார்த்தார். பதில் எல்லோருக்கும் தெரியும்.

"அங்கால யார் ஈக்கி?" என்று கேட்டேன்.

நானாவின் முகம் இறுகியது. "அவங்களும் ஒரு சுவரக் கட்டட்டும். ஒவ்வொருத்தரும் அவங்கவங்கட வாசல் பாக்குறதுதானே."

"என்ட பின்பக்கம் சுவர் வராது," என்றேன். "என்ட காணில ஒரு கல்லும் வெக்க ஏலா."

"நீ வெக்காட்டி ஒன்ட எடத்தால தண்ணி வந்து எல்லாருட கடையும் நாசம்!"

"அப்ப என்ட கடைக்கு ரெண்டு பக்கமும், எல்லையோட சுவரக் கட்டிக்கொள்ளுங்க. எனக்கு வாரது வரட்டும்."

என் அண்ணனை நான் அதற்கு முன் ஊரார் முன்னிலையில் எதிர்த்துப் பேசியதே இல்லை.

சுவர் வந்தது. பாலத்துப் பக்கமிருந்தும் வளைவுப் பக்கமிருந்தும் வளர்ந்து வந்து, என் எல்லையில் இரண்டு பக்கமும் நின்றது. நடுவில் எங்கள் கடை பல் விழுந்த இடம் மாதிரி இருந்தது. நானா என்னோடு பேசுவதை நிறுத்தினார். பெருநாளுக்குக்கூட வீட்டுக்கு வரவில்லை. மதினி மட்டும் ஒரு தட்டில் வட்டிலப்பம் அனுப்பியிருந்தார். மற்றக் கடைக்காரர்கள் சாமான் வாங்க வருபவர்களிடம் "அந்தக் கடையால எங்க எல்லாருக்கும் ஆபத்து" என்று சொல்லி அனுப்பினார்கள். சிலர் வருவதை நிறுத்தினார்கள். நான் அலுவலகங்களுக்கு அலைந்தேன். மேலே மண் கொட்டுவதைத் தடுக்கும்படியும், பாலத்துக்குக் கீழே தூர் வாரும்படியும் கேட்டேன். ஒரு அலுவலகம் ஓயா எங்களுடையதல்ல, கரைதான் எங்களுடையது என்றது. இன்னொன்று பாலம் மட்டும்தான் எங்களுடையது என்றது. மண் யாருடையது என்று கேட்டேன். அந்த அதிகாரி நல்ல மனிதர், வாய்விட்டுச் சிரித்தார்.

கடைசியில் ஒரு இளம் இஞ்சினியர் நேரில் வந்தார். கடைத்தெருவின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"தூர் வாரலாம், டீச்சர். மண் அள்ளுற பெக்கோவ எதால எறக்குறது? ஒரு வழியும் இல்லையே. எல்லாம் கடையும் சுவரும்."

எங்கள் பின்னறைக்குள் நின்றுதான் அதைச் சொன்னார். துணிக்கட்டுகள் அடுக்கும் அறை. மணல் மேடு எழுந்த பிறகு வாப்பா அதன்மேல் கட்டியது. கடைக்குப் பக்கத்தில், எங்கள் காணிக்குள்ளேயே, வண்டி நுழையும் அகலத்தில் ஒரு சந்து இருந்தது. அந்தச் சந்து நேராக அந்த அறையின் சுவரில் போய் முடிந்தது. நான் சந்தையும் பார்த்தேன், அறையையும் பார்த்தேன். என் கணவர் என்னைப் பார்த்தார்.

"வேணாம்," என்றார். "நெனக்கவும் வேணாம்."

"நீங்கதானே சென்னீங்க, நாங்க தள்ளிட்டோம் எண்டு."

"சென்னன். ஒடைக்கச் செல்லல்ல. சாமான் எங்க வெக்கிற?"

"மாடியில."

"நாங்க எங்க தூங்குற?"

"சாமானுக்கு நடுவுல."

அவர் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் காலை கடை திறக்க இறங்கியவர், துணிக்கட்டுகளை ஒவ்வொன்றாக மாடிக்குத் தூக்கத் தொடங்கினார். ஏன் என்று நான் கேட்கவில்லை. மற்றப் பக்கத்துக் கட்டுகளை நான் தூக்கினேன். படியில் ஒருவரையொருவர் கடக்கும்போது, "முதுகு நோகுது" என்று மட்டும் சொன்னார்.

உடைக்க வருவதாக ஒப்புக்கொண்ட மேசன் வரவில்லை. கடைத்தெருவில் வேலை கிடைக்காமல் போய்விடும் என்று யாரோ காதில் போட்டிருந்தார்கள். தைத்த உடுப்புகளைக் கொடுக்க வந்த தையல்காரப் பெண் வெறுமையான அறையைக் கண்டு என்னவென்று கேட்டார். சொன்னேன். பையைக் கீழே வைத்தார்.

"நெசமாவா சொல்றீங்க? ஒங்க சொந்தக் கட்டடத்தையா?"

"ஓ. ஆள்தான் கெடைக்கல்ல."

"ஆள் இல்லாம என்னாங்க? எங்க ஆளுங்க எல்லாம் அங்கிட்டுச் சும்மாதான் இருக்காங்க. அலவாங்கு இருக்கு, சம்மட்டி இருக்கு. கூரையப் பிரிச்சுப் போட்டா செவரு தானா வரும்." பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்தார். "எங்களுக்காகவா டீச்சரம்மா ஒடைக்கிறீங்க?"

"இல்ல. ஓயாக்காக. ஒங்களுக்கும் சேத்து."

"அப்ப சரி. தானம்னு சொல்லியிருந்தீங்கன்னா வந்திருக்க மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை அவரும் அவர் கணவரும் அக்கரைக்காரர்கள் சிலரும் பாலத்தால் சுற்றி வந்தார்கள். கடைத்தெரு முழுக்க வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. கூரைத் தகரத்தைக் கழற்றி இறக்கினார்கள். முதல் சம்மட்டி அடி சுவரில் விழுந்தபோது நானா தன் கடையிலிருந்து இறங்கி வந்தார். மாதக்கணக்குக்குப் பிறகு அன்றுதான் என்னோடு பேசினார்.

"வாப்பாட கையால கட்டினது," என்றார். குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

"தெரியும் நானா. நானும் கல்லு சுமந்து கொடுத்தீக்கிறன்."

"அப்ப என்னத்துக்கு?"

"வாப்பா கட்டின மணலுக்கு மேல. மணல் எங்கடது இல்ல. ஓயா கொண்டந்து வெச்சது. அது வெச்ச எடத்த நாங்க எடுத்துக்கொண்டோம். அதான் அது கடைக்குள்ள வருது."

"நீ ஒரு பைத்தியக்காரி," என்றார். அங்கேயே நின்றார். சுவர் விழும்வரை போகவில்லை. வாப்பா வைத்த மரக்கதவு முழுதாகக் கழன்று வந்தபோது, அதைத் தன் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னார். நான் தடுக்கவில்லை.

அறை போன இடத்தில் நின்றால் ஓயா நேராகத் தெரிந்தது. சந்தும் நேராக அங்கே இறங்கியது. இஞ்சினியரைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினேன். "இப்ப வழி ஈக்கி. பெக்கோ எங்க?" என்றேன். அவர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. உண்மையிலேயே இனிமேல் அவருக்குச் சாக்கு இல்லை. அவர் தன் மேலதிகாரிகளோடு என்ன மல்லுக்கட்டினாரோ எனக்குத் தெரியாது. அடுத்த பருவமழைக்கு முன்னால் மஞ்சள் நிறத்தில் ஒரு பெக்கோ எங்கள் சந்தால் உறுமிக்கொண்டு இறங்கியது. சந்துச் சுவரின் சாந்தை உராய்ந்துகொண்டு போனது. அந்தச் சத்தத்தைப் போல் இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை.

பாலத்துக்குக் கீழிருந்து வளைவு வரைக்கும் அள்ளினார்கள். மணல், களிமண், செங்கல் துண்டு, பிளாஸ்டிக், ஒரு சைக்கிள் சில்லு, உருக்குலைந்த ஒரு அலுமாரி. முதல் நாள் அள்ளியதைப் பெக்கோக்காரர் அக்கரைப் பக்கம் குவிக்கத் தொடங்கினார். நான் ஓயாவுக்குள் இறங்கி இயந்திரத்தின் முன்னால் நின்றேன். சேலை முழங்கால் வரைக்கும் நனைந்தது.

"அங்க குவிச்சா அடுத்த மழைக்கு மறுபடியும் உள்ளுக்கு வரும். ஏத்திக்கொண்டு போங்க."

"டீச்சர், எனக்கு அப்படிச் செல்லல்ல."

"நான் செல்றன். இந்த வழி என்டது. என் காணியால மண் வெளிய போகும். இல்லாட்டி நீங்களும் உள்ள வர ஏலா."

வழி என்னுடையது என்ற அந்த ஒரு பேச்சுக்கு அன்று முழுக் கடைத்தெருவும் கட்டுப்பட்டது. சுவர் கட்டியவர்களுக்கும் ஓயா ஆழமாக வேண்டும். அவர்களே லொறிகளைக் கூப்பிட்டார்கள். நானாவின் கடை லொறியும் வந்தது. அவர் வரவில்லை, லொறியை அனுப்பினார். அதற்குப் பிறகு இரண்டு கடைக்காரர்கள் தங்கள் பின்னறையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள். சுவர் மட்டும் அப்படியே இருந்தது. சுவரை யாரும் உடைக்கவில்லை. நான் கேட்டேன். இன்றுவரை கேட்கிறேன்.

மழை வந்தது. முன்பு வந்ததைவிடப் பெரிய மழை. இதை நான் சொல்லவில்லை, நானாவே சொன்னார். ஓயா கறுத்து வீங்கி வந்தது. பாலத்தைத் தொடவில்லை. அதன் கீழாலேயே சீறிக்கொண்டு போனது. அக்கரையில் தையல்காரப் பெண்ணின் வாசற்படி வரைக்கும் ஏறி, நின்று, இறங்கியது. வீட்டுக்குள் போகவில்லை. எங்கள் கடைக்குள் வந்தது. சுவரில்லாத ஒரே கடை எங்களுடையதுதானே. கணுக்கால் நனையும் அளவு வந்தது.

நானா சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

"பாத்தியா? கடைசில ஒன்ட கடைக்குத்தான் வந்தீக்கி."

"வரட்டும்," என்றேன், தும்புத்தடியால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே. "வந்த வழியாலயே போகும். ஒங்கட கடைக்குள்ள வந்திருந்தா சுவர் அத வெளிய விடாது."

அவர் உள்ளே வந்து, இன்னொரு தும்புத்தடியை எடுத்து, மறுபக்கத்திலிருந்து தள்ளத் தொடங்கினார். என் கணவர் மூன்று பேருக்கும் தேத்தண்ணீர் ஊற்றினார். முந்தைய வெள்ளத்துக்குப் பிறகு போட்ட உயரமான இரும்புத் தட்டுகளில் இருந்த துணி ஒன்றுகூட நனையவில்லை. அஸருக்கு முன்னால் கடையைத் திறந்துவிட்டோம்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். ஓயா சுமப்பதை நிறுத்தவில்லை. மலையை வெட்டுவதை மனிதர் நிறுத்தவில்லை. தூர் வாரிய அடுத்த வருடமே பாலத்துத் தூணின் காலில் புதிய மணல் நாக்கு நீட்டியது. நான் பாடசாலையிலிருந்து ஓய்வு பெற்றேன். பிறகு எனக்கு வேறு வேலை கிடைத்தது. தையல்காரப் பெண்ணுக்கு மேலே தெரிந்தவர்கள் இருந்தார்கள். எங்கே மண் வெட்டத் தொடங்கினாலும் அவருக்குச் செய்தி வந்துவிடும். எனக்கு எந்த அலுவலகத்தில் யாரிடம் கத்த வேண்டும் என்று தெரியும். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து போவோம். எங்களைக் கண்டால் அதிகாரிகள் பின்கதவால் தேத்தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்கள் என்று கேள்வி. வாசலில் உட்கார்ந்திருப்போம். தேத்தண்ணீர் குடித்து முடியத்தானே வேண்டும்.

ஒரு காலை அப்படிச் செய்தி வந்து மேலே போனோம். ஓயாவுக்கு நேர்மேலே ஒரு திருப்பத்தில் டிப்பர் ஒன்று பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. முழுக்கச் சிவப்பு மண். சாரதி பெட்டியைத் தூக்கத் தொடங்கியிருந்தார். தையல்காரப் பெண் ஓடிப் போய் டிப்பருக்கும் சரிவுக்கும் நடுவில் நின்றார். மூச்சு வாங்க நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"வெலகுங்க அம்மா, மண் சரிஞ்சிரும்!" என்று சாரதி தலையை நீட்டிக் கத்தினார்.

"சரிஞ்சா எங்க மேலதான் சரியட்டும்!" என்று இவர் கத்தினார். "கீழ எங்க வீடு இருக்கு. அங்க வந்து ராத்திரி தூங்குறப்ப எங்கள மூடுறதுக்குப் பதிலா, இப்பவே மூடுங்க, நாங்க பாத்துட்டாவது போறோம்!"

"எனக்கென்ன, கொட்டச் சொன்னாங்க, கொட்டுறேன்."

"யாரு சொன்னாங்க? கூப்பிடுங்க. அவங்களும் வந்து இங்க நிக்கட்டும்," என்றேன்.

சாரதி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒருத்தி முக்காடு போட்ட வயதானவள், ஒருத்தி இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு கல்லைப் போல் நிற்பவள். யாரோடோ தொலைபேசியில் பேசினார். குரலைத் தாழ்த்தி நீண்ட நேரம் பேசினார். வெயில் ஏறியது. என் கால் வலித்தது. வலிக்கிறது என்று சொன்னால் தையல்காரப் பெண் என்னைப் போய் நிழலில் உட்காரச் சொல்லிவிடுவார் என்று சொல்லவில்லை.

கடைசியில் டிப்பர் இரைந்தது. தூக்கிய பெட்டி கீழே இறங்கியது. மண்ணோடு வண்டி முன்னால் நகர்ந்து, திருப்பத்தில் தட்டுத்தடுமாறித் திரும்பி, வந்த வழியே போனது. வேறெங்கோ கொட்டப் போகிறது என்று எங்களுக்குத் தெரியும். அங்கேயும் போவோம்.